குறி தப்புகிறதா? வேட்டை ரைஃபிளிலும் ஸ்கோப்பிலும் பிழையைத் தேடும் முறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்கான ரைஃபிள் பருவம் 2019 முதல், நன்றி நவிலல் நாளை (நவம்பரின் நான்காம் வியாழன்) அடுத்து வரும் சனிக்கிழமையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் சுடுதளங்களில் இடம் கிடைப்பது அரிது. அங்கே எந்த மேசையைப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஒரு குண்டு சுடுவார்கள். துளை வலப்பக்கம் விழுந்திருக்கும். உடனே ஸ்கோப்பின், அதாவது ரைஃபிள்மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியின், குமிழைத் திருப்புவார்கள். அடுத்தது இடப்பக்கம் விழும், மறுபடியும் திருப்புவார்கள். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்த பிறகும் ரைஃபிள் எங்கே சுடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான்: குமிழ் என்பது சரியாக இருக்கும் ரைஃபிளை இலக்கின் மையத்துக்குக் கொண்டுவருவதற்கான கருவி. கோளாறு வேறெங்கோ இருக்கும்போது அதைத் திருப்பினால் கோளாறு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். காட்டில் மூச்சு வாங்க, குளிரில் விரல் விறைக்கச் சுடும் நமக்கு அந்த எட்டு அங்குலமும் தேவை. அதில் பாதியை ஒரு தளர்ந்த திருகுக்குத் தாரை வார்த்தால், வயிற்றில் காயம்பட்ட மான் எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

தோட்டாக்கள் இருக்கும் மேகசினை எடுத்துவிடுங்கள். தோட்டா அறையை மூடும் போல்டைத் திறந்து தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கீழே சொல்லப்படும் சோதனைகளில் பாதிக்கு மேல் தோட்டாவே தேவையில்லாதவை.

சுட வேண்டிய சோதனைகளில் முன்னும் பின்னும் மணல்பை வைத்து, ஒரே பெட்டியின் தோட்டாக்களால், மூன்று குண்டுகள் சுட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள். ஒரு துளையை நம்பிக் குமிழைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கணக்கு எளிது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 100 கஜத்தில் 1.047 அங்குலம், ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகளில் குமிழின் ஒரு படி, அதாவது ஒரு கிளிக், அதில் கால் பங்கு. ஆகவே 100 கஜத்தில் ஒரு அங்குலம் நகர நான்கு கிளிக், 50 கஜத்தில் எட்டு, 25 கஜத்தில் பதினாறு. மில் என்ற கோண அளவில் கிளிக் அமைந்த ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்.

அறிகுறி: துளைகள் ஒன்றுசேராமல் சிதறுகின்றன

நேற்றுவரை ஒன்றரை அங்குலத்துக்குள் சுட்ட ரைஃபிள் இன்று ஐந்து அங்குலத்துக்குச் சிதறினால் கண்ணாடியைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் திருகுகளைப் பாருங்கள்.

வெளியே தெரிவது, ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகள் மட்டுமே. பலர் அவற்றை இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ரிங்குகளுக்கு அடியில், ரைஃபிளோடு பிணைந்திருக்கும் பேஸின் திருகுகளில் இருக்கிறது. பல ரைஃபிள்களில் அவற்றை எட்ட வேண்டுமானால் ஸ்கோப்பைக் கழற்றத்தான் வேண்டும். சோம்பல்படாமல் கழற்றுங்கள். திருப்புளியை வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் திருகு கால் சுற்று நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

பேஸ் திருகுகளையும் அவற்றின் துளைகளையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். கடையில் புதிதாக வரும் ரைஃபிளின் துளைகளில் துருத்தடுப்பு எண்ணெய் நிறைந்திருக்கும். அதன் மேல் பிடிக்கும் திருகு பின்னுதைப்பில் தளர்ந்தே தீரும். துடைத்த பிறகு நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அதைப் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை உற்றுப் பாருங்கள். முன்பக்கப் பேஸின் திருகு நீளம் கூடுதலாக இருந்தால் அதன் நுனி உள்ளே குழலின் மரையைத் தொடும், அல்லது போல்டை உரசும். திருகு இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும்; ஆனால் பேஸ் இறுகியிருக்காது. திருகைக் கழற்றி நுனியைப் பாருங்கள். அங்கே மட்டும் பளபளப்பாகத் தேய்ந்த ஒரு புள்ளி தெரிந்தால் அது நீளமான திருகு. திருகை மாற்றிப் போட்டுவிட்டால் மர்மமெல்லாம் விலகிவிடும்.

ரிங்குகளைப் பொறுத்தவரை கூடுதலாக இறுக்குவதும் குற்றமே. பல தயாரிப்பாளர்கள் மேல்மூடித் திருகுகளுக்குச் சொல்லும் அளவு 15 முதல் 18 அங்குல-பவுண்டு. உங்கள் ரிங்கோடு வந்த தாளில் என்ன இருக்கிறதோ அதுவே இறுதி. அளவு காட்டும் டார்க் திருப்புளி ஒன்றை வாங்கிவிடுங்கள். அடுத்த ஸ்கோப்புக்குச் சேர்த்துவைக்கும் பணத்தில் சிறு பங்குதான் அது. அலுமினியக் குழாயை நசுக்கினால் உள்ளே லென்ஸைத் தாங்கும் பகுதி இறுகிப்போகும். உருப்பெருக்க வளையம் சுற்றாமல் முரண்டு பிடிக்கும்.

பேஸ், குறுக்குப் பள்ளங்கள் வரிசையாக உள்ள பிகாட்டின்னி ரெயில் என்றால், ரிங்கின் குறுக்குத் திருகைப் பள்ளத்தின் முன்சுவரோடு ஒட்டும்படி குழல்வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். பின்னுதைப்பில் ரைஃபிள் பின்னே பாயும்போது ஸ்கோப் தன் எடையால் முன்னே நழுவப் பார்க்கும். அந்தச் சுவர்தான் அதைத் தடுக்கிறது. பிகாட்டின்னியின் பள்ளம் 0.206 அங்குலம், பழைய வீவர் வகைப் பேஸின் பள்ளம் 0.180. வீவர் ரிங் பிகாட்டின்னியில் உட்காரும், ஆனால் இடைவெளி விட்டு உட்காரும். அதனால் அங்கே முன்னே தள்ளிப் பொருத்துவது இன்னும் முக்கியம்.

திருகுகள் எல்லாம் சரி என்றால் குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டைக்கு வாருங்கள். ஆக்‌ஷனைக் (போல்ட் இயங்கும் உலோகப் பகுதியை) கட்டையோடு பிணைக்கும் இரண்டு பெரிய திருகுகள் அடியில் இருக்கின்றன. அவற்றுக்கும் தயாரிப்பாளர் சொன்ன அளவு உண்டு. பிறகு ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். குழல் தொடாமல் நிற்கும்படி செய்யப்பட்ட ரைஃபிளில் அது தங்குதடையின்றிப் போக வேண்டும். மரக்கட்டை ஈரத்தில் ஊதி ஒரு பக்கமாகக் குழலை அழுத்தினால், கோடையில் நேராகச் சுட்ட ரைஃபிள் நவம்பர் மழையில் கோணலாகச் சுடும்.

அடுத்து, நண்பரின் ரைஃபிளில் ஒழுங்காக வேலை செய்யும் ஸ்கோப்பைக் கடன் வாங்கி உங்களுடையதில் பொருத்திச் சுடுங்கள். சிதறல் நின்றால் உங்கள் ஸ்கோப் பழுது. நிற்காவிட்டால் குழல்வாயின் விளிம்பில் வெட்டு, உரசல் உண்டா என்று விளக்கடியில் பாருங்கள். குண்டுகளிலிருந்து குழலில் படிந்த செம்பைச் சுத்தம் செய்யுங்கள். தோட்டாவின் வகையை மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு முன் புது ஸ்கோப்புக்குப் பணம் கொடுப்பது வீண்.

அறிகுறி: முதல் குண்டு ஓரிடம், மற்றவை வேறிடம்

தூக்கிச் சுமக்க வசதியாக வேட்டை ரைஃபிளின் குழலை மெல்லியதாகச் செய்கிறார்கள். அது விரைவில் சூடேறும். சூடேறியதும் சில குழல்கள் ஒரு பக்கமாக நகர்ந்து சுடும். எண்ணெய் பூசித் துடைத்த குழலின் முதல் குண்டும் தனி வழியில் போகக்கூடும்.

காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலின் முதல் குண்டு. ஆகவே அதையே நம்புங்கள். ஒவ்வொரு முறை சுடுதளம் போகும்போதும் முதல் குண்டை ஒரே தாளில் சுட்டுத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து தேதிகள் சேர்ந்த அந்தத் தாளில் ரைஃபிளின் உண்மையான குணம் தெரியும். மற்ற குண்டுகளுக்கு நடுவே, குழலை வெறும் கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிறவரை ஆறவிடுங்கள்.

அறிகுறி: துளைகள் மேலும் கீழுமாக நீள்கின்றன

சொந்தமாகத் தோட்டா நிரப்புவோர் உடனே வெடிமருந்தின் அளவில் குற்றம் காண்பார்கள். 100 கஜத்தில் அது பெரும்பாலும் பொருந்தாது. .308 வின்செஸ்டர் தோட்டாவில் 150 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த வேகம் 50 அடி குறைந்தால் 100 கஜத்தில் ஏற்படும் வீழ்ச்சி ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே வேறுபாடு 400 கஜத்தில் சுமார் இரண்டு அங்குலமாகும். ஆகவே 100 கஜத்தில் மூன்று அங்குலம் நீண்டால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள்.

பெரும்பாலும் முன்பையில்தான் இருக்கும். ஒரு முறை கட்டையின் நுனியும் மறுமுறை நடுப்பகுதியும் பைமேல் இருந்தால் பின்னுதைப்பின் போக்கு மாறிவிடும். குழலையே நேராகப் பையில் வைத்துவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது கூடவே கூடாது. பின்பையை இடக்கையால் பிசைந்து உயரம் சரிசெய்பவர்கள், விசையை இழுக்கும் கணத்தில் அந்தக் கை தளர்கிறதா என்று கவனிக்க வேண்டும். மூச்சை ஒரே நிலையில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் நீண்டால் ஆக்‌ஷன் திருகுகளுக்கே திரும்பிப் போங்கள்.

அறிகுறி: கிளிக் திருப்பியும் குறி நகரவில்லை, அல்லது இரண்டு குண்டு தாமதித்து நகர்கிறது

ஸ்கோப்பினுள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. குமிழின் திருகு அதை ஒரு பக்கமிருந்து தள்ளுகிறது. எதிர்ப்பக்கத்தில் சுருள்வில் அதைத் தாங்குகிறது. வில் சோர்ந்திருந்தாலோ உள்ளே பிசுக்கு இறுகியிருந்தாலோ, திருகு பின்வாங்கினாலும் குழாய் அதே இடத்தில் நிற்கும். இரண்டு முறை பின்னுதைப்பு வாங்கிய பிறகுதான் அசைந்து அமரும். இந்தக் கோளாறு ஒருவரைப் பைத்தியமாக அடிக்கும், ஏனென்றால் திருத்தம் அவர் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து சேர்கிறது.

சோதிக்கும் முறை: பெரிய தாளில் மையத்தைக் குறிபார்த்து ஒரு குண்டு சுடுங்கள். 20 கிளிக் மேலே, சுடுங்கள். 20 வலமே, சுடுங்கள். 20 கீழே, சுடுங்கள். 20 இடமே திரும்பி, மீண்டும் சுடுங்கள். எல்லா முறையும் அதே மையத்தைத்தான் குறிபார்க்க வேண்டும். 100 கஜத்தில் ஏறக்குறைய ஐந்து அங்குலப் பக்கமுள்ள ஒரு சதுரம் உருவாகி, கடைசிக் குண்டு முதல் துளையின் அருகே வர வேண்டும். ரைஃபிளின் இயல்பான சிதறலைக் கழித்துப் பார்த்த பிறகும் சதுரம் சரிந்தோ திறந்தோ இருந்தால் ஸ்கோப்பைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். பக்கங்கள் நேராக இருந்து சதுரம் முழுவதும் சாய்ந்து தெரிந்தால் பழுது எதுவும் இல்லை. ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குக் கோட்டை நேராக வைக்காமல் பொருத்தியிருக்கிறீர்கள். மூன்று பாகைச் சாய்வு 100 கஜத்தில் தெரியாது. ஆனால் தொலைவுக்காக 30 அங்குலம் ஏற்றிச் சுடும்போது ஒன்றரை அங்குலம் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

குமிழ் எல்லையை முட்டிவிட்டது, இன்னும் குறி சேரவில்லை என்றால் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். பேஸ் முன்பின் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது ரைஃபிளின் துளைகளே கோணலாக இருக்கலாம். முன்னதை நீங்களே சரிசெய்யலாம். பின்னதற்குத் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி: குறுக்குக் கோடு மங்கல்

கண்ணருகே உள்ள வளையம் இலக்கைத் தெளிவாக்குவதற்கு அல்ல, கோட்டைத் தெளிவாக்குவதற்கு. வெள்ளைச் சுவரையோ சூரியன் இல்லாத வானத்தையோ நோக்கி ஸ்கோப்பைப் பிடியுங்கள். வேறெங்காவது பார்த்துவிட்டு ஸ்கோப்பில் சட்டென்று எட்டிப்பாருங்கள். முதல் பார்வையிலேயே கோடு கூர்மையாக இருக்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சமாளித்துக்கொண்டு பொய் சொல்லிவிடும்; ஆகவே ஒரு திருத்தம், ஒரு பார்வை, ஓய்வு என்று போங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தே செய்ய வேண்டும்.

அறிகுறி: தலையை அசைத்தால் கோடு இலக்கின் மேல் ஊர்கிறது

இதற்குப் பாரலாக்ஸ் என்று பெயர். ரைஃபிளை மணல்பையில் அசையாமல் வைத்து, கையெடுத்துவிட்டு, கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். கோடு இலக்கில் ஒட்டியே இருந்தால் நல்லது; நீந்தினால் இலக்கின் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் விழவில்லை என்று பொருள்.

சாதாரண வேட்டை ஸ்கோப்புகளைத் தொழிற்சாலையிலேயே 100 அல்லது 150 கஜத்துக்கு நிலைப்படுத்தி அனுப்புகிறார்கள்; சிறிய .22 ரிம்ஃபயர் தோட்டா ரைஃபிளுக்கானவற்றை 50, 60 கஜத்துக்கு. 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ் உள்ள ஸ்கோப்பை 100 கஜத்துக்கு நிலைப்படுத்தியிருந்தால், 300 கஜத்தில் கண் ஓரத்துக்கு ஒதுங்கியபோது வரக்கூடிய மிகப்பெரிய பிழை சுமார் நான்கு சென்டிமீட்டர். மானுக்கு அது போதுமான துல்லியம். ஆகவே 200 கஜத்துக்குள் வேட்டையாடுபவர் பாரலாக்ஸ் குமிழுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையின் ஒரே இடத்தில் பதிப்பது அதைவிடப் பயனுள்ளது. ஸ்கோப் உயரமாக இருந்து கன்னம் அந்தரத்தில் தொங்கினால் தாழ்வான ரிங் வாங்குங்கள், அல்லது கட்டைமேல் ஒரு தோல் பட்டை கட்டுங்கள்.

அறிகுறி: விளிம்பில் கருநிழல், புருவத்தில் அடி

இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். ஸ்கோப்பின் பின்லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே பெரும்பாலும் மூன்று முதல் நான்கு அங்குலம் இருக்க வேண்டும். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, வேட்டைக்கு அணியும் தடித்த குளிர்ச்சட்டையோடு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கண்ணை மூடிக் கன்னம் பதித்துத் திறந்து பாருங்கள். வட்டம் முழுமையாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். மேட்டை நோக்கிச் சுடும்போது கண் இன்னும் அருகே வரும்; அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அந்தி நேரத்தில் மட்டும் இருட்டாகத் தெரிகிறது என்றால் ஒரு வகுத்தல் கணக்கு போதும். முன்லென்ஸின் மில்லிமீட்டரை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 3-9×40 ஸ்கோப்பில் (மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ்) ஒன்பதில் அது 4.4 மில்லிமீட்டர், ஐந்தில் எட்டு. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏறச் சுருங்கும். பென்சில்வேனியாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு முதல் மறைவுக்கு அரை மணி பின்பு வரை மானைச் சுடச் சட்டம் இடம் தருகிறது. அந்த அரை மணிகளில் உருப்பெருக்கத்தைக் குறைத்தாலே பழைய ஸ்கோப்பும் வெளிச்சமாகிவிடும்.

அறிகுறி: கண்ணாடியில் ஆவி

வெளிப்பக்கம் என்றால் உங்கள் மூச்சு, அல்லது குளிரிலிருந்து சூடான கூடாரத்துக்குள் ரைஃபிளைக் கொண்டுபோனது. இரவில் அதை வெப்பமில்லாத, பூட்டிய இடத்தில் வையுங்கள். உட்பக்கம் என்றால் அடைப்பு உடைந்துவிட்டது. ஈரக்காற்று புகாமல் இருக்கவே ஸ்கோப்பில் நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி மூடுகிறார்கள். வீட்டில் திறந்து துடைத்து மூடினால் ஈரத்தைத்தான் உள்ளே பூட்டுவீர்கள். அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: தோட்டா மாறியதும் குறியும் மாறியது

இது கோளாறே அல்ல. குண்டின் எடை, வேகம், தயாரிப்புத் தொகுதி எது மாறினாலும் விழும் இடம் மாறலாம். மாற்றிய ஒவ்வொரு முறையும் மீண்டும் குறிசேர்க்க வேண்டும். சொந்தமாக நிரப்புபவர்கள் புது வெடிமருந்து டப்பா திறந்தால், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வகையை மாற்றினால், வெவ்வேறு நிறுவனங்களின் பித்தளை உறைகளைக் கலந்தால் அதைப் புதுத் தோட்டாவாகவே கருத வேண்டும்: அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும். நண்பர் சொன்ன அளவை நம்பாதீர்கள். அவருடைய தோட்டா அறையும் உங்களுடையதும் ஒன்றல்ல.

நிரப்பிய தோட்டாவில் மூன்று அறிகுறிகளில் எது தோன்றினாலும் குறியைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிடுங்கள். போல்டைத் தூக்க வழக்கத்தைவிட வலு வேண்டியிருக்கிறது, அல்லது உறையின் அடியில் பளபளக்கும் தழும்பு தெரிகிறது: அழுத்தம் எல்லை மீறியிருக்கலாம். அந்தத் தொகுதியில் ஒன்றைக்கூட இனிச் சுடாமல் பிரித்துவிடுங்கள். அடுத்தது, சத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பொசுக்கென்று கேட்டது: குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். ரைஃபிளை வெறுமையாக்கி, போல்டைக் கழற்றி, குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். கடைசியாக, விசையை இழுத்தும் வெடிக்கவில்லை: குழல்வாயை இலக்குப் பக்கமே வைத்து, குறைந்தது அரை நிமிடம் காத்திருந்த பிறகு போல்டைத் திறங்கள்.

ஸ்கோப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால்

பென்சில்வேனியாவின் அடர்ந்த மலைக்காடுகளில் பெரும்பாலான மான்கள் நூறு கஜத்துக்குள் சுடப்படுகின்றன. அங்கே 2-7 அல்லது 3-9 உருப்பெருக்கம் தாராளம். ஓடைக்கரையில் இருபது கஜத்தில் மான் எழும்போது, ஆறுக்குக் கீழே குறையாத ஸ்கோப்பில் பழுப்பு ரோமத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. வயோமிங் மாநிலப் புல்வெளியில், மான் போன்ற பிராங்ஹார்ன் விலங்கைத் தேடுபவருக்கு 4-16 பொருந்தும். கண்ணாடியின் தரத்துக்கும் குமிழின் நம்பகத்துக்கும் பணம் கொடுங்கள்; 56 மில்லிமீட்டர் முன்லென்ஸுக்கு அல்ல. அது உயரமான ரிங்கைக் கேட்கும், கன்னம் அந்தரத்தில் நிற்கும். உருப்பெருக்கத்தோடு சேர்ந்து கோடும் பெரிதாகும் வகை, கோட்டிலுள்ள அளவுகளை நம்பித் தொலைவில் சுடுபவர்களுக்கு உதவும். அந்திக் காட்டில் குறைந்த உருப்பெருக்கத்தில் அதன் கோடு மயிரிழையாகி மறைந்துவிடும். அங்கே அளவு மாறாத தடித்த கோடுதான் என் தேர்வு.

புதியதைப் பொருத்தியதும் போல்டைக் கழற்றி, குழலின் வழியே 25 கஜத்தில் இலக்கைப் பார்த்து, கோட்டையும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 25 கஜத்தில் சுட்டுச் சரிசெய்த பிறகு 100 கஜத்துக்குப் போங்கள். குறி சேர்ந்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து ரிங்கின் மேல்வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். ரிங்கின் பின்விளிம்பிலிருந்து ஸ்கோப் குழாய்மேலும் ஒன்று. கோடு உடைந்திருந்தால் எது நகர்ந்தது என்று பார்த்ததும் தெரியும். விமானத்திலோ, கரடுமுரடான சாலையில் வண்டியின் பின்புறத்திலோ பயணம் செய்த ரைஃபிளை, கோடுகள் எல்லாம் உடையாமல் இருந்தாலும், வேட்டைக்கு முந்தைய நாள் அனுமதிக்கப்பட்ட சுடுதளத்தில் ஒரு குண்டாவது சுட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் குமிழைத் தொடாமல், பேஸ் திருகிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.